பற்களின் நிறமும் குடிநீரும்

எனது முன்பற்களில் மண்ணிறப் புள்ளிகள் உண்டு. நானாட்டானில் பிறந்த தங்கையின் பற்களோ வெண்மை. இருவரும் ஒரே பற்பசையையே பாவிக்கிறோம். "ஒழுங்காகத் துலக்குவதில்லையா?" என்பார்களென அஞ்சி, வாயைப் பொத்தியே சிரித்து வந்தேன். பல் வைத்தியர்தான் காரணத்தை விளக்கினார்.

தேநீர், வெற்றிலைக் கறை பல்லின் மேற்பரப்பில் படிவது. சுத்தம் செய்தால் நீங்கும். என்னுடையது பல் உருவாகும் சிறுவயதிலேயே ஏற்பட்டது. லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட் உள்ள நீரைத் தொடர்ந்து அருந்தினால் இவ்வாறு நேரும். நான் ஏழு வயதுவரை வளர்ந்த அநுராதபுரப் பகுதியில் இது அதிகம். அழுத்தித் தேய்த்தால் புள்ளி போகாது, மிளிரியே தேயும்.

பெற்றோரே, கிணற்று நீரைப் பரிசோதியுங்கள். கொதிக்க வைப்பதால் புளோரைட் நீங்காது. தோழியரே, மிஸ்வாக் சுன்னத்தைப் பேணுவோம். இனிப்பு உண்டபின் வாய் கொப்பளிப்போம். புள்ளியுள்ளவளைப் பார்த்துச் சிரிக்காமல், அவளோடு சேர்ந்து சிரிப்போம்.