ஒரே செடி, பல தேநீர்

"கிரீன் டீ நாற்று எங்க கிடைக்கும்?" நம் கூட்டங்களில் இப்படிக் கேட்கும் நண்பர் ஒருவராவது இருப்பார். அப்படி ஒரு நாற்று கிடையாது. கிரீன் டீ, டீக்கடையில் குடிக்கிற கருப்புத் தேயிலை, ஊலாங், வெள்ளைத் தேயிலை எல்லாம் ஒரே செடியின் கொழுந்துதான். கமேலியா சைனென்சிஸ் என்பது அதன் தாவரவியல் பெயர்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. செடிகொடிகளுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயசே 1762இல் பச்சைத் தேயிலைக்கு ஒரு செடி, கருப்புத் தேயிலைக்கு வேறொரு செடி என்று பிரித்துவிட்டார். 1840களில் ராபர்ட் ஃபார்ச்சூன் என்பவர் சீனத் தோட்டங்களுக்குள்ளேயே போய்ப் பார்த்த பிறகுதான், ரெண்டும் ஒரே செடி என்பது ஐரோப்பாவில் தெளிவானது. செடியில் வகைகள் உண்டு. சீன வகைக்கு இலை சிறிது, குளிரைத் தாங்கும். அசாம் வகைக்கு இலை பெரிது, வெட்டாமல் விட்டால் மரமாகவே வளர்ந்துவிடும். நாம் பார்க்கும் இடுப்பளவுப் புதர் எல்லாம் கவாத்து செய்து செய்து வந்த உருவம். ஆனால் எந்த வகையின் கொழுந்திலும் எல்லாத் தேநீரையும் செய்யலாம். வித்தியாசம் பறித்த பிறகு நடப்பதில் இருக்கிறது.

கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துப் போகிறது. அதனால்தான் வீட்டில் தண்ணீரில் போடுகிறார்கள். கொழுந்திலும் நடப்பது இதேதான். துவர்ப்புச் சத்தும் ஒரு நொதியும் இலைக்குள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. இலை கசங்கினால் அறைச் சுவர் உடைந்து ரெண்டும் கலக்கும். காற்றும் சேர்ந்தால் பச்சை செம்பாக மாறும், துவர்ப்பு குறையும், மணம் வரும். தொழிற்சாலையில் இதை 'பெர்மென்டேஷன்' என்பார்கள். ஆனால் தோசை மாவு புளிப்பதுபோல இதில் நுண்ணுயிர் வேலை எதுவும் இல்லை. நுண்ணுயிர் உண்மையாகவே வேலை செய்வது சீனாவின் யூனான் பகுதிப் பூஆர் தேயிலையில்.

இந்த மாற்றத்தை முழுக்க ஓடவிட்டால் கருப்புத் தேயிலை. கொழுந்தை 12 முதல் 18 மணி நேரம் வாடவிட்டு, உருட்டிக் கசக்கி, பரப்பி வைத்து, நிறம் வந்ததும் சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். இலை முழுசாகச் சுருளும்படி உருட்டினால் அது ஆர்த்தடாக்ஸ். பல் வைத்த உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, குருணையாக்கினால் சி.டி.சி. இந்தியாவில் பெரும்பகுதி சி.டி.சி.தான். பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்க வைக்கும் நம் டீக்கு அது பொருத்தம்.

மாற்றத்தைத் தொடங்கவே விடாமல் நிறுத்தினால் கிரீன் டீ. பறித்த உடனே சூடு காட்டி நொதியைக் கொன்றுவிட வேண்டும். ஜப்பானில் ஆவி காட்டுகிறார்கள், சீனாவில் பெரும்பாலும் சட்டியில் வறுக்கிறார்கள். பாதியில் நிறுத்தினால் ஊலாங். வெள்ளைத் தேயிலைக்கு வேலை இன்னும் குறைவு. மொட்டையும் இளம் கொழுந்தையும் வாடவிட்டு உலர்த்துவதோடு சரி. மொட்டின் மேலிருக்கும் வெண்ரோமம்தான் பெயருக்குக் காரணம்.

நீலகிரிக்காரர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். அங்கே 'பசுந்தேயிலை' என்றால் கிரீன் டீ இல்லை, பறித்த பச்சைக் கொழுந்து. சிறு விவசாயி விற்பது அதைத்தான். அங்கேதான் சிக்கலும் ஆரம்பிக்கிறது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு, நாலரை கிலோ கொழுந்து வேண்டும். கொழுந்தின் விலையோ ஏலத்தில் தூள் போகும் சராசரி விலையை வைத்து மாதாமாதம் முடிவாகிறது. பறிகூலி, கவாத்துச் செலவு இதெல்லாம் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. நெல்லை மூட்டை கட்டி வைத்து விலைக்குக் காத்திருக்கலாம். கொழுந்தை வைக்க முடியாது. சாக்கில் திணித்தால் சில மணி நேரத்தில் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். அன்றைக்கே கொடுத்தாக வேண்டும், சொன்ன விலைக்கு. இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பறித்தவர் கொழுந்தும், முற்றல் இலையோடு உருவியவர் கொழுந்தும் ஒரே இயந்திரத்தில் ஒன்றாக அரைபடும்போது, நன்றாகப் பறித்தவருக்கு என்ன கிடைக்கும்?

ஆகவே, தோட்டம் முழுவதையும் மாற்றாவிட்டாலும், வாரத்துக்கு ஐந்து பத்து கிலோ கொழுந்தையாவது வீட்டிலேயே தேயிலையாக்கிப் பழகலாம் என்பது என் கருத்து. தொடங்குவதற்கு கிரீன் டீ எளிது, ஏனென்றால் இயந்திரம் தேவையில்லை. அடிகனமான இரும்புச் சட்டி போதும். ஆனால் தாளித்த சட்டி கூடாது. தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும், கடுகு எண்ணெய் மணக்கிற டீயை யாரும் வாங்கமாட்டார்கள். சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு அரைக் கிலோவுக்கு மேல் போடாமல் கைவிடாமல் புரட்டுங்க. பச்சை வாடை போய், காம்பை மடக்கினால் ஒடியாமல் வளைகிற பதம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். ஓரம் சிவந்தால் சூடு போதவில்லை, கருகினால் அதிகம். சூடு ஆறுவதற்குள் முறத்தில் போட்டு உள்ளங்கையால் ஒரே பக்கமாக உருட்டி, உதிர்த்து, மறுபடி உருட்டுங்க. பிறகு இளந்தீயில், காம்பு படக்கென்று ஒடியும் வரை உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். குடிக்கும்போது கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசக்கும். கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றி, ரெண்டு நிமிஷத்தில் வடிகட்டினால் போதும்.

இயற்கை வழியில் பயிர் செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு பலம் இருக்கிறது. கீரையைக் கழுவிச் சமைக்கிறோம், பழத்தைக் கழுவித் தின்கிறோம். தேயிலையைப் பறித்ததிலிருந்து கோப்பை வரை எங்கேயும் கழுவுவதில்லை. அதன் முதல் குளியல் நம் டம்ளரில்தான்! பறிப்புக்கும் அடுத்த பறிப்புக்கும் இடையே பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம்தான். அதற்குள் தெளித்த விஷம் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்க.

தைவானில் ஒரு ஊலாங் வகை உண்டு, 'கீழைத்தேச அழகி' என்று பொருள்படும் பெயர். சின்னப் பச்சைத் தத்துப்பூச்சி சாறு உறிஞ்சிய கொழுந்தில்தான் அதைச் செய்ய முடியும். கடிபட்ட செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்களால் தேன் மணம் வருகிறது. பூச்சி வரட்டும் என்றே அங்கே மருந்து தெளிக்காமல் விடுகிறார்கள், அதற்கு நல்ல விலையும் கிடைக்கிறது. இதற்காக நம் தேயிலைக் கொசுவையும் செஞ்சிலந்தியையும் வளர்க்கச் சொல்லவில்லை. அவை வேறு, அவற்றால் நஷ்டம்தான். மழைக்காலத்தில் கொப்புள நோயும் இயற்கைத் தோட்டத்துக்குப் பெரிய தலைவலி. மழைக்கு முன்பே நிழல் மரக் கிளைகளைக் கழித்து வெயில் விழச் செய்வது ஓரளவு காப்பாற்றும். ரசாயனத்தை நிறுத்திய முதல் சில வருஷம் மகசூல் குறையும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷங்களைத் தாண்டுவதற்குத்தான் வீட்டில் செய்த தேயிலையின் கூடுதல் விலை தேவைப்படுகிறது.

சமவெளி நண்பர்களுக்கு: தேயிலைக்குக் கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை உள்ள புளிப்பு மண், நல்ல மழை, தண்ணீர் தேங்காத சரிவு எல்லாம் வேண்டும். தஞ்சாவூர்க் களிமண்ணுக்கு நாற்று வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். உங்களிடம் ஆவாரம்பூ, துளசி, எலுமிச்சைப்புல், செம்பருத்தி இருக்கின்றன. இவை தேயிலைச் செடி இல்லை, தேயிலையில் இருக்கிற காஃபின் இவற்றில் கிடையாது. இரவில் தூக்கம் கெடாமல் குடிக்கலாம் என்று சொல்லியே விற்கலாம். பனி காய்ந்த பிறகு காலையில் பறித்து, நிழலில், காற்றோட்டமாக, கையில் நொறுங்கும் வரை உலர்த்துங்க. வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போய்விடும். பொட்டலத்தில் 'மூலிகை பானம்' என்றே அச்சிடுங்கள். விற்பனைக்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து அந்த எண்ணையும் போட வேண்டும்.