பதிவேட்டை வெறுமையாக விடாதே

அன்புள்ள பாப்பா,

டி.ஃபார்ம் முடித்து, திருத்தணியில் மலையடிவாரத்து மெடிக்கல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று அக்கா போனில் சொன்னாள். மிகுந்த மகிழ்ச்சி. ஆடிக் கிருத்திகை வந்தால் அந்தத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. காவடி எடுத்து வந்தவர், ஆந்திராவின் நகரியிலிருந்து பஸ் ஏறி வந்தவர், உள்ளூர்த் தறிக்காரர் எல்லோரும் கேட்கப்போவது ஒன்றுதான்: "சளியும் காய்ச்சலுமா இருக்கு, ரெண்டு வேளைக்கு மாத்திரை கொடும்மா." அப்போது நீ எந்த அட்டையை எடுக்கிறாய் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது. வீணாக விழுங்கினால், உடம்பிலுள்ள பாக்டீரியாக்களில் மருந்துக்குப் பணியாதவை மட்டும் பிழைத்துப் பெருகும். அந்தத் திறனை மற்றவற்றுக்கும் கைமாற்றும். பிறகு பிரசவத்திலோ அறுவை சிகிச்சையிலோ தொற்று வந்தால் கொடுக்க மருந்து இருக்காது. கடைசிக்கட்ட மருந்தான கார்பபெனத்தையே முறிக்கும் என்.டி.எம்-1 என்ற நொதி பற்றி 2010-ல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வில், சென்னை நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளும் இருந்தன.

வழி தேடியதும் சென்னைதான். 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் பல அங்கே கூடி 'சென்னைப் பிரகடனம்' தயாரித்தன. டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று ஒருங்கிணைத்தார். அதில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். எல்லா ஆன்டிபயாடிக்கையும் ஒரே நாளில் தடுத்து நிறுத்தச் சொல்லவில்லை. டாக்டரே இல்லாத கிராமங்கள் இந்த நாட்டில் உண்டு. அங்கே நிமோனியாவில் மூச்சு இழுக்கும் குழந்தைக்கு மருந்து கிடைக்காமல் போனால் அதுவும் சாவுதானே? முக்கியமானவற்றிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் போவோம் என்றார்கள். இதைச் சமரசம் என்று சொன்னால் நான் ஒப்பமாட்டேன். நடக்கக்கூடியதைச் சொல்வதற்கும் துணிச்சல் வேண்டும்.

2013-ல் அறிவித்து, 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஷெட்யூல் எச்1 உன் கையில் இருக்கும் சட்டம். அறிவித்தபோது அதில் 46 மருந்துகள்; செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்ஸசின், காசநோய் மருந்துகள் பல அதில் அடக்கம். இவற்றைக் கொடுக்கும்போது டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அசித்ரோமைசின் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குச் சீட்டு கட்டாயம், இந்தத் தனிப் பதிவேடு தேவையில்லை. இவ்வளவு விற்கும் மருந்தையும் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தவறு கடைக்காரர்களிடம் மட்டும் இல்லை. 20 பெரிய மருத்துவமனைகளில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் பார்த்தபோது, நோயாளிகளில் 71.9 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டிருந்தது. அவற்றில் பாதிக்கும் மேல் முன்னெச்சரிக்கைக்காகத் தரப்பட்டவை. 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகம், என்ன காரணத்துக்காகக் கொடுக்கிறோம் என்று சீட்டிலேயே எழுதும்படி டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது. சீட்டில்லாமல் விற்காதீர்கள் என்று மருந்தாளுநர்களையும் கேட்டது. 2017-ல் வந்த தேசியச் செயல்திட்டமும் இதையேதான் நாடியது.

சட்டம் மத்திய அரசுடையது. கடையைச் சோதிப்பது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. நீ மறுத்தால் "நகரியில வாங்கிக்கிறேன்" என்று சிலர் போவார்கள். போகட்டும். எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே எச்1தான்.

ஆனால் யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதே. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடு, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல். மூச்சு வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ அரசு மருத்துவமனைக்கு அனுப்பு. தெலுங்கில் கேட்பவருக்குத் தெலுங்கிலேயே பொறுமையாகச் சொல்; உனக்குத்தான் இரண்டும் வருமே.

உன் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு வேறு யாராவது விற்க ஒருநாளும் இடம் கொடுக்காதே. முதலாளி முகம் சுளித்தாலும் பதிவேட்டை நீயே எழுது.

அன்புடன்,
உன் மாமா