கங்கைகொண்ட சோழபுரம்

கும்பகோணத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, அணைக்கரை என்னும் இடத்தில் கொள்ளிடத்தைக் கடக்கின்றது. ஆற்றைத் தாண்டிச் சில கல் தொலைவு சென்றதும், வயல்களுக்கு அப்பால் விண்ணளாவிய விமானம் ஒன்று தனித்து நிற்பது கண்ணுக்குப் புலப்படும். அதனைச் சூழ்ந்து அரண்மனையும் இல்லை, அகழியும் இல்லை, அங்காடித் தெருக்களும் இல்லை. சிற்றூர் ஒன்றே உண்டு. ஆயினும் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் சோழப் பேரரசின் தலைநகராய் விளங்கிய கங்கைகொண்ட சோழபுரம் இதுவே. இன்று இஃது அரியலூர் மாவட்டத்தில் அடங்கியது.

இந்நகரை அமைத்தவன் முதலாம் இராசேந்திர சோழன். தந்தை இராசராசனுக்குப் பின் 1014ஆம் ஆண்டு முதல் 1044ஆம் ஆண்டு வரை ஆட்சி புரிந்தவன் அவன். அவனுடைய படை வடக்கே கங்கைவரை சென்று வெற்றியுடன் மீண்டது. அவ்வெற்றியின் நினைவாகக் 'கங்கைகொண்ட சோழன்' என்னும் பட்டம் பூண்ட மன்னன், 1025ஆம் ஆண்டையொட்டித் தஞ்சையை விட்டுப் புதிய தலைநகருக்குப் பெயர்ந்தான். தஞ்சைப் பெரிய கோயில் முற்றுப்பெற்று அப்பொழுது பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன.

வெற்றி பெற்ற வேந்தர் கல்லால் தூண் நாட்டுதல் மரபு. இராசேந்திரன் நாட்டிய வெற்றித் தூணோ நீரால் ஆயது! கங்கை நீரைக் கொணர்ந்து, நீர்மயமான வெற்றித் தூணாக ஓர் ஏரியை அவன் அமைத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. சோழகங்கம் என்பது அவ்வேரியின் பெயர். அப்பேரேரி கொள்ளிடத்து நீரைக் கால்வாய் வழியாகப் பெற்றது. மக்கள் இன்று அதனைப் பொன்னேரி என வழங்குகின்றனர். வெற்றியைக் கொண்டாட எழுந்த சின்னம், உழவனுக்கு நீரளிக்கும் ஏரியாகவும் அமைந்தது எண்ணி மகிழத்தக்கது.

பழைய நகரின் பரப்பையும் அமைப்பையும் கல்வெட்டுகள் ஒருவாறு உணர்த்துகின்றன. அரண்மனை, 'கங்கைகொண்ட சோழன் மாளிகை' எனப் பெயர் பெற்றிருந்தது. 'சோழகேரளன் திருமாளிகை' என்னும் பெயரும் காணப்படுகின்றது. கல்வெட்டுகள் கூறாது விட்டவற்றைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்கள் கூறுகின்றன. கோட்டையின் உட்பகுதி உட்கோட்டை என்னும் ஊராயிற்று. அரண்மனை இருந்த மேடு மாளிகைமேடு எனப்படுகின்றது. படைக்கலங்கள் இருந்த இடத்தை ஆயுதக்களம் என்னும் ஊரும், மன்னனின் மெய்க்காவலர் வாழ்ந்த இடத்தை மெய்க்காவல்புத்தூரும், கட்டடப் பணிக்குச் சுண்ணாம்பு நீற்றிய இடத்தைச் சுண்ணாம்புக்குழியும் நினைவூட்டுகின்றன. மாடங்கள் மறைந்தன, பெயர்கள் மறையவில்லை. ஏர் பிடித்து உழும் எளிய மக்களின் நாவே, பேரரசின் நினைவை வழிவழியாகக் காத்து வந்திருக்கின்றது.

நகரில் எஞ்சி நிற்பது கங்கைகொண்ட சோழீச்சரம் என்னும் திருக்கோயிலே. கருவூர்த்தேவர் இதன்மீது திருவிசைப்பாப் பாடியுள்ளார். விமானம் ஒன்பது நிலைகளுடன் ஏறத்தாழ 180 அடி உயரம் ஓங்கி நிற்கின்றது. தஞ்சை விமானம் பதின்மூன்று நிலைகளுடன் நேராக உயர்ந்து வீரத்தின் மிடுக்கைக் காட்டும். இவ்விமானமோ மேலே செல்லச் செல்ல உள்வளைந்து குழைந்து, மென்மையின் அழகைக் காட்டும். கருவறையில் உள்ள சிவலிங்கம் ஏறத்தாழ 13 அடி உயரம் உடையது. வடபுற வாயிலை அடுத்துள்ள சிற்பம் ஒன்று காண்போர் உள்ளத்தைக் கவர்வது. உமையுடன் அமர்ந்த சிவபெருமான், தம் திருவடியில் பணிந்திருக்கும் சண்டேசர் முடியில் மாலை சூட்டுகின்றார். சூட்டும் கையின் பரிவும் ஏற்கும் அடியவரின் அடக்கமும் கல்லிலே உயிர்பெற்று விளங்குகின்றன. வெற்றி அனைத்தும் இறைவன் சூட்டிய மாலையே என்னும் இராசேந்திரனின் உணர்வை இச்சிற்பம் குறிக்கும் என்று கருதுவாரும் உளர்.

இத்துணைச் சிறப்புடைய நகரம் அழிந்தது எவ்வாறு? பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் கை ஓங்கியது. மூன்றாம் இராசேந்திரனின் ஆட்சி 1279இல் முடிவுற, சோழப் பேரரசும் மறைந்தது. அரசு நீங்கியதும், அதனைச் சார்ந்து வாழ்ந்த வணிகரும் வினைஞரும் நீங்கினர். இறைவனுக்குக் கல்லால் கோயில் எடுத்த மன்னன், தனக்குச் செங்கல்லாலும் மரத்தாலுமே மாளிகை எடுத்தான். மரம் மக்கியது, செங்கல் சரிந்து மண்மேடாயிற்று. வழிபாடு நீங்காமையால் கோயில் நின்றது; ஆள்வார் நீங்கியமையால் மாளிகை வீழ்ந்தது.

ஆனால், கோயிலும் முழுமையாகத் தப்பவில்லை. 1836ஆம் ஆண்டில் ஆங்கில அரசினர் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினர். அதற்கு வேண்டிய கற்களுக்காக இக்கோயிலின் திருமதில் இடிக்கப்பட்டது. தடுக்க முயன்ற ஊர் மக்கள் தண்டிக்கப்பட்டனர். கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகக் கூறப்பட்ட உறுதிமொழியும் காப்பாற்றப்படவில்லை என்று அந்நூற்றாண்டிலேயே எழுதி வைத்துள்ளனர்.

கீழணையால் விளைந்த நன்மை பெரிது. வீராணம் ஏரி அதன் வாயிலாகவே நீர் பெறுகின்றது. பல்லாயிரம் வேலி நிலம் விளைகின்றது. ஏரி வெட்டிய மன்னனின் கோயிற்கல் அணையில் அமர்ந்தது பொருத்தமே என்று சிலர் அமைதி கூறலாம். நீர்ப்பணி நற்பணியே, அதில் ஐயமில்லை. எனினும், நற்பணிக்குரிய கல்லை மலையில் வெட்டி எடுத்திருக்கலாகும். உடைத்த கல்லில் அழிந்த எழுத்தை எந்த மலையிலிருந்து வெட்டி எடுப்பது? அணையை மீண்டும் கட்டலாம். அழிந்த கல்வெட்டை மீண்டும் எழுத இயலாது.

1980ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் மாளிகைமேட்டில் அகழாய்வு நடத்தியுள்ளனர். அரண்மனையின் செங்கற் சுவர்களும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், சீன நாட்டுப் பாண்டங்களின் உடைந்த துண்டுகளும் வெளிப்பட்டன. கடல் கடந்து கலம் செலுத்திய நாட்டின் வாணிகத்திற்கு அவ்வோட்டுத் துண்டுகள் சான்று பகர்கின்றன. 2004ஆம் ஆண்டில் இக்கோயில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

பழம்பெரு நகரைக் காணச் செல்லும் மாணவர், விமானத்தை அண்ணாந்து நோக்கி வியப்பதோடு அமைதல் கூடாது. மாளிகைமேட்டுச் சுவரையும் குனிந்து நோக்குதல் வேண்டும். சுவரில் தம் பெயரைக் கீறுவதும், கிடைத்த செங்கல்லை எடுத்துச் செல்வதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். ஒரு மாநகரம் மறைந்ததும் அத்தகைய சிறு செயல்கள் பல சேர்ந்தமையாலேதான். முன்னோர் விட்டுச் சென்றவற்றுள் எஞ்சியது சிறிதே. அச்சிறிதைக் காப்பது இன்று வாழ்வோர் கடமையாகும்.