நாய்க்குட்டி வாங்குவதும் ஒரு கொள்முதல்தான்

அரிசி மூட்டை வாங்கும்போது மேலாக ஒரு பிடி அள்ளிப் பார்த்து நாம் விலை பேசுவதில்லை. குத்தூசியைச் செருகி, நடு மூட்டைச் சரக்கையும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்த பிறகே பேசுகிறோம். ஆனால், கிட்டங்கிக் காவலுக்கு நாய்க்குட்டி வாங்கப் போனால் இந்தப் பழக்கமெல்லாம் மறந்து போகிறது. அதன் முகத்தைப் பார்த்ததும் மடியை அவிழ்த்து விடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் அப்படித்தான் ஏமாந்தோம். தரகர் ஒருவர் பஸ் நிலையத்திலேயே கூடையில் குட்டியைக் கொடுத்தார். துள்ளி விளையாடிய குட்டிதான். நான்காம் நாள் வாந்தியும் இரத்தப் பேதியும் கண்டது; ஆறாம் நாள் இறந்தது. "பார்வோ வைரஸ் நோய். குட்டி எங்கே பிறந்தது? தடுப்பூசி போட்டதா?" என்று கால்நடை மருத்துவர் கேட்டார். எங்களிடம் பதிலும் இல்லை, ரசீதும் இல்லை. வேறு குட்டி வாங்கலாம் என்றால், அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று அதையும் தடுத்துவிட்டார்.

இந்நோய் தொற்றிய பின் அறிகுறி தெரியப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். விற்பவர் கையில் இருக்கும்வரை குட்டி நன்றாகவே தெரியும். ஆகவே, குட்டியை மட்டும் பார்த்தால் போதாது. அது பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. தாயைப் பாருங்கள்: வளர்ப்பவர் வீட்டுக்கே செல்லுங்கள். தாய் நாயும், கூடப் பிறந்த குட்டிகளும் எப்படி இருக்கின்றன, இடம் சுத்தமாக உள்ளதா என்று பாருங்கள். தாயைக் காட்ட மறுப்பவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

2. வயது: மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, நாய்களை இனவிருத்தி செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும், 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். வாயையும் திறந்து பாருங்கள். 8 வாரக் குட்டிக்குப் பால் பற்கள் பெரும்பாலும் முளைத்திருக்கும்.

3. தடுப்பூசி அட்டை: முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில் போடப்படும். பிறகு 3, 4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் வரை தொடர வேண்டும். "ஒரு ஊசி போட்டாயிற்று" என்றால் கணக்கு தீரவில்லை என்று பொருள். அட்டையில் மருந்துக் குப்பியின் லேபிளும், மருத்துவரின் கையெழுத்தும், தேதியும் இருக்க வேண்டும்.

4. காது: நம் ராஜபாளையம் இனத்தின் வெள்ளைக் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. காவலுக்கு வாங்குவோர் இதை அவசியம் சோதிக்க வேண்டும். குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் நின்று கை தட்டுங்கள். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இதில் தப்பிவிடக் கூடும். ஐயமிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

5. வம்சாவளிச் சான்றிதழ்: கென்னல் கிளப் ஆப் இந்தியா வழங்கும் சான்றிதழ், குட்டியின் பெற்றோர் யார் என்பதைச் சொல்லும். குட்டி நோயற்றது என்று அது சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

6. "இறக்குமதிச் சரக்கு": இந்தச் சொல்லுக்காகவே விலை இரட்டிப்பாகிறது. வியாபாரத்துக்கும் இனவிருத்திக்கும் நாய்களை இறக்குமதி செய்வதைத் தடுத்து மத்திய அரசு 2016 ஏப்ரலில் அறிவிக்கை வெளியிட்டது. எனவே யாராவது அப்படிச் சொன்னால், அயல்நாட்டு மருத்துவச் சான்றையும் இங்குள்ள நோய்த்தடுப்பு நிலையத்தின் சான்றையும் கேளுங்கள். காகிதம் இல்லையென்றால் அது வெறும் வாய்ச்சொல்.

7. ரசீது: பிறந்த தேதி, நிறம், அடையாளம், விலை, விற்பவர் முகவரி அனைத்தும் எழுத்தில் இருக்கட்டும். வாங்கிய இரண்டு, மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் காட்டுவோம், நோய் கண்டால் பணம் திரும்ப வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.

இத்தனையும் கேட்டால் நல்ல வளர்ப்பாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். குட்டியை எங்கே கட்டுவீர்கள், யார் சோறு வைப்பார்கள் என்று அவரே நம்மைக் கேட்பார். அப்படிக் கேட்பவரிடமே வாங்குங்கள்.

பழுதான சரக்கை லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடலாம். பணமும் திரும்பி வந்துவிடலாம். ஆறு நாள் நம் வாசலில் வாலாட்டிய உயிர் போனால், அது எந்தக் கணக்கிலும் வரவாகாது.