கீழிருந்து புரட்டுதல்: நிலைப்பு பற்றிய ஒரு பாடம்

பலமனேர் வட்டாரம் சுட்ட மண் வேலைக்குப் பெயர் பெற்றது. அங்குச் செய்யும் பானை ஒன்றை மூன்று கற்களின்மேல் வைத்தால் அசையாது நிற்கும். ஒரு கல்லை உருவினால் அக்கல் இருந்த பக்கமே சாயும். பானையின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையும் செங்குத்துக் கோடு, எஞ்சிய ஆதாரங்களுக்கு வெளியே விழுவதே இதற்குக் காரணம். மேலே உள்ள எதிராளியைக் கீழே கிடப்பவர் புரட்டுவதும் இவ்விதியாலேயே.

நம் நாட்டு மல்யுத்தத்தில் முதுகு மண்ணிற்பட்டவர் தோற்றவராவார். ஜிகோரோ கானோ 1882ஆம் ஆண்டில் டோக்கியோவில் தோற்றுவித்த ஜூடோவின் தரைப்போரிலும், அதிலிருந்து பிரேசிலில் வளர்ந்த ஜியு-ஜிட்சுவிலும் மல்லாந்து கிடப்பவர் தம் கால்களைக் கொண்டு போரைத் தொடரலாம். ஜியு-ஜிட்சுப் போட்டியில் இவ்வாறு புரட்டி மேலேறுவோர்க்கு 2 புள்ளிகள் உண்டு. அவற்றுள் எளியதான கத்தரிப் புரட்டல் இங்கு விளக்கப்படுகின்றது.

எதிராளி, கீழிருப்பவரின் கால்களுக்கிடையே முழந்தாளிட்டிருக்கிறார் எனக் கொள்க.

1. கீழிருப்பவர் இடக் கையால் எதிராளியின் வலக் கைச் சட்டையையும், வலக் கையால் கழுத்துப்பட்டையையும் பற்ற வேண்டும். இனி எதிராளியால் வலக் கையை ஊன்ற இயலாது. உருவப்பட்ட முதற் கல் இதுவே.

2. இடப்பக்கமாக ஒருக்களித்து, வலக் கணைக்காலை எதிராளியின் வயிற்றின் குறுக்கே வைத்து, இடக் காலை அவருடைய வலது முழந்தாளை ஒட்டித் தரையில் கிடத்த வேண்டும்.

3. இரு கைகளாலும் அவரைத் தம்மை நோக்கி இழுக்க வேண்டும். முழந்தாள்களின்மேல் இருந்த எடை குறைந்து, கணைக்காலின்மேல் சாரும். இதனைச் செய்யாமல் காலை வீசுவதே தொடக்க நிலையினரின் பெரும் பிழை.

4. வலக் காலை இடப்புறம் தள்ளி, அதே கணத்தில் இடக் காலை வலப்புறம் இழுக்க வேண்டும். எதிராளி தம் வலப்பக்கம் புரள்வார். அவ்வேகத்துடனேயே மேலேறி அமர்தல் வேண்டும்.

வலிமையைவிட எடையின் இடமே பெரிதென்பதைக் கணக்கால் காட்டலாம். 60 கிலோ எடையுள்ளவரின் முழந்தாள்களுக்கிடையே 40 சென்டிமீட்டர் இருப்பின், ஈர்ப்புக் கோடு ஒவ்வொரு விளிம்பிற்கும் 20 சென்டிமீட்டர் தொலைவில் விழும். 60 சென்டிமீட்டர் உயரத்தில் பக்கவாட்டில் தள்ளிச் சாய்க்க, ஏறத்தாழ 20 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. அக்கோட்டை விளிம்பிற்கு 5 சென்டிமீட்டர் அருகே கொணர்ந்தால் 5 கிலோவே போதும்.

வகுப்பில் இதனைச் சோதித்தறியலாம். ஒரு மாணாக்கரைக் கைகளையும் முழந்தாள்களையும் ஊன்றச் செய்து, பக்கவாட்டில் மெல்லத் தள்ளுக, அவர் சாயார். பின்னர் அப்பக்கத்துக் கையை மடக்கச் செய்து, எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளுக, எளிதில் சாய்வார்.

பயிற்சி மெத்தையின்மேலோ கிளறிய மண்ணிலோ நடைபெறுக. விழுபவர் மோவாயை மார்போடு ஒட்டி வைத்தல் வேண்டும். நீட்டிய கையை ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ முறியக்கூடும். எடை ஒத்தவர்களையே இணைக்க வேண்டும். ஒருவர் இரு முறை தட்டியவுடன் மற்றவர் பிடியை விடுதல் கட்டாயம்.

தன்னினும் பெருத்தவன் மேலே அமர்ந்ததும் மனந்தளரும் மாணாக்கன், எந்த ஆதாரத்தை முதலில் அகற்றுவதென எண்ணத் தொடங்குவானாயின், பாடத்தின் நோக்கம் நிறைவேறியதாகும்.