மாவுக்கட்டோடு விமானப் பயணம்

கேள்வி: என் எட்டு வயது மகனுக்குக் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. சென்னையிலிருந்து டெல்லிக்குப் போக வேண்டும். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டால் தருவார்களா?
– வாசகி, திருச்சி

பதில்: தருவார்கள். ஆனால் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் பதிவு செய்யுங்கள். 'வீல்சேர் வேண்டும்' என்று மட்டும் சொன்னால் போதாது. படியேற முடியுமா, உள்ளே இருக்கைவரை நடப்பானா என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். படியேற முடியும், படியேற முடியாது ஆனால் இருக்கைவரை நடக்க முடியும், நடக்கவே முடியாது என்ற மூன்று நிலைகளுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. ஓர் அடிகூட வைக்க முடியாதவனுக்கு 'டபிள்யூ.சி.எச்.சி.' என்று பதிவாக வேண்டும். அப்போதுதான் இருக்கை வரிசைகளுக்கு இடையே நுழையும் ஒடுங்கிய நாற்காலி வரும்.

அதைவிட முக்கியம் கட்டுதான். புதுக் கட்டுக்குள் கால் வீங்கினால் இரத்த ஓட்டம் தடைப்படலாம். அதனால் கட்டு போட்டு 48 மணி நேரம் ஆகாமல் நீண்ட பயணம் கூடாது என்பது பொதுவான விதி. அவசரமென்றால் மருத்துவர் கட்டை நீளவாக்கில் பிளந்து கொடுப்பார். பறக்கத் தகுதியானவன் என்ற சான்றிதழையும் அவரிடமே வாங்கிவிடுங்கள்.

முழங்கால் மடங்காத கட்டா? அதையும் முன்பதிவிலேயே சொல்லுங்கள். ஓர் இருக்கை போதாமல் போகலாம். கால் நீட்ட வசதி என்று அவசரவழி வரிசையைக் கேட்காதீர்கள், சிறுவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. நடைபாதைப் பக்கம் கால் நீட்டினால் உணவுத் தள்ளுவண்டி இடிக்கும்.

பாதுகாப்புச் சோதனையில் கட்டைத் தடவிப் பார்ப்பார்கள். பையனிடம் முன்பே சொல்லி வையுங்கள்.