வள்ளூர் வீட்டில் நஞ்சைக் குறைக்கும் வழி

வள்ளூர் அனல் மின் நிலையத்தின் மூன்று அலகுகளும் சேர்ந்து 1,500 மெகாவாட். பக்கத்திலேயே வட சென்னை அனல் மின் நிலையம். மாடியில் காயும் துணியில் சாம்பல் படிந்தால் அதை ஒரு வீடு தனியாகத் தடுத்துவிட முடியாது. அதற்கு ஊர் கூடி மனு எழுத வேண்டும், வழக்குப் போட வேண்டும். நாமே காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவரும் நஞ்சு வேறு கணக்கு. அதை இந்த வாரமே குறைக்கலாம். ஷாம்பூவில் பாராபென் இருக்கிறதா என்று ஆராய்வதெல்லாம் பிறகு. முதலில் ஆசிட், புகை, பாதரசம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறை, சமையல் மேடைக்குக் கீழ், பீரோ, சாமி அலமாரி எல்லாவற்றிலும் இருக்கும் பாட்டில், டப்பா, பாக்கெட்டுகளை வெளியே எடுத்து வையுங்கள். லேபிள் இல்லாதவற்றைத் தனியாகப் பிரியுங்கள். தெருவில் வண்டியில் வந்து விற்கும் பினாயிலும் ஆசிட்டும் சோப் ஆயிலும் பெரும்பாலும் பழைய குடிநீர் பாட்டிலில்தான் இருக்கும். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு எது தண்ணீர், எது ஆசிட் என்று எப்படித் தெரியும்? இனி லேபிள் இல்லாமல் எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுங்கள். இருப்பதை உயரத்தில், பூட்டு போட்டு வையுங்கள்.

அடுத்தது ஆசிட். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. போர் தண்ணீர் பட்ட டைல்ஸ், குழாய், வாளி எல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புக்கறை. அதனால்தான் இங்கே ஆசிட் இவ்வளவு விற்கிறது. உப்புக்கறைக்கு அவ்வளவு காட்டமான மருந்து தேவையில்லை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்டை வெந்நீரில் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் போதும். கறை கெட்டியாக இருந்தால் மறுநாளும் ஒரு முறை. தினசரிக் கழிவறைக்கு சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமே போதுமானவை.

இதில் மறக்கவே கூடாத விதி ஒன்று உண்டு. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கழிவறை கழுவும் திரவம், வினிகர், எலுமிச்சை உப்பு எதைச் சேர்த்தாலும் இதே கதிதான். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் சேர்ந்தால் குளோரமைன். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்துக் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக எண்ணூர் மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். கதவை மூடிக்கொண்டு இவற்றைக் கலந்து குளியலறை கழுவுகிறவர், அளவில் சிறிதானாலும், அதே மாதிரி ஆபத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். வெள்ளம் வடிந்த பிறகு பிளீச்சிங் பவுடர் தேவைதான். அப்போது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, கையில் உறை, ஜன்னல் திறந்தபடி. அன்றைக்கு வேறு எந்தத் திரவமும் அந்தத் தரையில் வேண்டாம்.

கொசு இல்லாத இரவு இந்தக் கழிமுகப் பகுதியில் கிடையாது. கொசுவர்த்தியை விடுங்கள் என்று வெறுமனே சொல்வது நியாயமில்லை. ஆனால் 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று கணக்கிட்டது. பகலில் சாம்பல் காற்று, இரவில் இது. முதலில் ஜன்னல்களுக்கு வலை அடியுங்கள். வெல்க்ரோ ஒட்டுகிற வலை மலிவு. படுக்கைக்குக் கொசுவலை கட்டுங்கள். லிக்விட் மெஷின்தான் போட வேண்டுமென்றால், படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டு, பிறகு அணைத்துக் காற்றோட்டம் விடுங்கள். கொசு விரட்டும் ஊதுபத்தி வாங்கினால் அட்டையில் மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். மூலிகை என்று பெரிய எழுத்தில் போட்டு, பதிவு எண் இல்லாமல் விற்பவற்றைத் தொடாதீர்கள். கம்ப்யூட்டர் சாம்பிராணி சாமிக்குச் சரி. பூட்டிய அறையில் ஆஸ்துமாக்காரர் பக்கத்தில் சரியில்லை.

எலி மருந்தை மட்டும் தூங்குகிற அறையில் வைக்காதீர்கள். 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்டில் எலிக்கு மருந்து வைத்திருந்தபோது, ஏசி போட்டுக் கதவை மூடித் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். எலிப்பொறி போதும். ஓட்டைகளைச் சிமெண்டால் அடையுங்கள். பீரோவில் போடும் அந்துருண்டையும் லேசுப்பட்டதல்ல. அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள பிறந்த குழந்தைகளின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். பிறந்த குழந்தைக்குப் பழைய துணி எடுப்பதாக இருந்தால் துவைத்து வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே போர்த்துங்கள். துணிகளுக்கு இடையில் காய்ந்த வேப்பிலை வையுங்கள்.

பாதரசம் சிவப்பழகு கிரீமில் இருக்கிறது. எல்லாவற்றிலும் இல்லை, எங்கே தயாரித்தது என்று தெரியாத, ஒரே வாரத்தில் நிறம் கொடுக்கும் வகையில்தான் சந்தேகம். 2023-ல் கேரளத்தின் கோட்டக்கல் மருத்துவர்கள், இத்தகைய கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததைக் கண்டறிந்தார்கள். அம்மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை போட்டது. இந்திய விதிப்படி இத்தகைய கிரீமில் பாதரசம் சேர்க்கக் கூடாது. வாங்கும்போது தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், சேர்மானப் பட்டியல் மூன்றும் உண்டா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பொருளாக இருந்தால் இறக்குமதிப் பதிவு எண் கேளுங்கள். சேர்மானத்தில் 'மெர்க்குரி' அல்லது 'கலோமல்' என்று கண்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மாவட்ட மருந்துகள் ஆய்வாளருக்கு ஒரு புகார் எழுதிப் போடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. 'பாக்டீரியா கொல்லும்' சோப்புக்குக் கூடுதல் காசு வேண்டாம். டிரைக்ளோசான் கலந்த சோப்புகளை அமெரிக்கா 2016-லேயே விலக்கியது. பேபி பவுடரைக் குழந்தையின் முகத்தருகே தட்டாதீர்கள்; மூச்சில் போகும். சுவருக்குப் பெயிண்ட் வாங்கினால் ஈயம் 90 பி.பி.எம்.-க்குள் என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். 2017 நவம்பரிலிருந்து அது சட்டம். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் சாம்பல் திரும்பவும் காற்றில் எழும், ஈரத்துணியால் துடையுங்கள். வாசனைக்காக பினாயிலை இரட்டிப்பாக ஊற்றுவது வீண்.

ஒதுக்கி வைத்த ஆசிட்டையும் மருந்துகளையும் சாக்கடையில் கொட்டாதீர்கள். அது கொசஸ்தலையாற்றுக்கும் இறால் பிடிப்பவர்களின் வலைக்கும் போய்ச் சேரும். மூடியோடு தனிப் பையில் கட்டி, இன்னது என்று எழுதி ஒட்டித் துப்புரவுப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள்.

யாராவது ஆசிட்டைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாந்தியோடு மேலே ஏறும்போது ஆசிட் உணவுக்குழாயை இரண்டாம் முறை பொசுக்கும். 108-ஐ அழையுங்கள். பொன்னேரி அரசு மருத்துவமனைக்கோ சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கோ போகும்போது அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.